எந்த ஊர் பார்க்கர்? ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரைப் பின்னோக்கித் தேடிப் போகும் வழி

அரக்கோணம், ஜோலார்பேட்டை பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலக் குடும்பப் பெயர் ஒன்றும் அதிசயமில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு அப்படித்தான் இருந்தது. ஒரு காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த ஆன்ட்டி, போன வருஷம் போன் போட்டு, "என்ன மேன், நீ பழைய கல்வெட்டு எல்லாம் படிக்கிறியாமே, எங்க குடும்பம் இங்கிலாந்துல எந்த ஊருன்னு கண்டுபிடிச்சுக் கொடேன், ஆஸ்திரேலியாவுல பேரன் கேட்டுக்கிட்டே இருக்கான்" என்றார். குடும்பப் பெயர் (உண்மையான பெயர் வேறு, இங்கே இப்படி வைத்துக்கொள்வோம்) பார்க்கர். நானும் நோட்டை எடுத்து, காதில் விழுந்தபடி தமிழில் "பார்க்கர்" என்று எழுதிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன்.

மூன்று மாதம் வீண். ஏன் என்றால் தமிழில் ஒரே மாதிரி எழுதப்படும் அந்தப் பெயர் ஆங்கிலத்தில் இரண்டு பெயர். ஆங்கில எழுத்து வரிசையின் பதினாறாவது எழுத்தில் தொடங்கினால் அது பிரபுவின் வேட்டைக் காட்டைக் காவல் காத்தவர். இரண்டாவது எழுத்தில் தொடங்கினால் மரப்பட்டையைப் போட்டுத் தோல் பதனிட்டவர். நான் காவல்காரரைத் தேடிக்கொண்டிருந்தேன், ஆன்ட்டி வீட்டு ஆளோ தோல்காரர். அவர் பழைய பைபிளின் முதல் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிய அன்றுதான் விஷயம் தெரிந்தது. ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் நடுவில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு, ஆவாரம் பட்டை போட்டுத் தோல் ஊறவைக்கும் வாசனையோடு வளர்ந்துவிட்டு, இதைத் தவறவிட்டது எனக்கே கேவலமாக இருந்தது.

ஆகவே முதல் வேலை, பெயரை ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாக எழுதி வாங்குங்கள். போனில் கேட்டது போதாது. தமிழில் எழுதிய சபைக் குறிப்பு, பத்திரம், ரேஷன் கார்டு எதுவும் போதாது. தமிழ் எழுத்து ஒலிகளைச் சேர்த்துவிடும், சில நேரம் எழுத்தையே விழுங்கிவிடும். வேலூரில் எல்லோரும் ஊரிசு கல்லூரி என்கிறோம், ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் தொடக்கத்தில் 'வ' ஒலி தரும் எழுத்து இருக்கிறது, நடுவில் ஒரு 'ஹ'வும் இருக்கிறது.

ஊரிசு என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர் பெயர் எல்லாம் ஆங்கிலப் பெயர் இல்லை. ஊரிசு என்பது டச்சுப் பெயர், ஹீஸ் என்ற ஊருக்கு முன்னால் இருப்பவர் என்று பொருள். இங்கே ஆற்காடு மிஷனை நடத்திய அமெரிக்க சபையே டச்சுக்காரர்கள் தொடங்கிய சபைதான். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு ஓடிவந்து அடக்கிய கில்லெஸ்பி, அயர்லாந்தின் வடக்கே கோம்பர் என்ற ஊரில் பிறந்தவர். அந்தப் பெயர் கேலிக் மொழியில் 'பிஷப்பின் ஊழியன்'. டிசூசா, ரொசாரியோ எல்லாம் போர்ச்சுகீசியப் பெயர்கள் என்பது உங்களுக்கே தெரியும். மொழி தெரியாமல் இங்கிலாந்துப் பதிவேடுகளில் தேடுவது, திருவலத்துக்குப் போக வேண்டியவர் திருவள்ளூருக்கு டிக்கெட் எடுத்த கதைதான்.

பெயர் சரியாகக் கிடைத்துவிட்டது என்றால் உடனே அதன் பொருளைத் தேடிப் போகாதீர்கள். எல்லோரும் செய்யும் தப்பு இதுதான். இணையத்தில் பெயரைப் போட்டால் பொருள் வரும், கூடவே ஒரு கேடயம், சிங்கம், லத்தீன் வாசகம் போட்ட சின்னம் வரும், காசு கொடுத்தால் சட்டம் போட்டு அனுப்புகிறேன் என்பார்கள். வாங்காதீர்கள். இங்கிலாந்தில் அப்படிச் சின்னம் தனி ஆளுக்கும் அவருடைய நேர் வாரிசுகளுக்கும்தான் சொந்தம், ஒரு பெயர் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அல்ல. 1484இலிருந்து இதைக் கவனிக்கும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற அமைப்பே இதைத்தான் சொல்கிறது. நம் ஊரில் முதலியார் என்று பெயரில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே பங்காளி வீடு என்று சொன்னால் சிரிப்போம் அல்லவா, அதே சிரிப்பை இதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஆளைத் தேடுங்கள், பெயர் கூடவே வரும். இன்றிருக்கும் ஆளில் தொடங்கி ஒரு தலைமுறை, ஒரு தாள் என்று பின்னால் போக வேண்டும். அப்பா பிறந்த சீட்டு கையில் வராமல் தாத்தாவுக்குத் தாவக்கூடாது.

வீட்டிலேயே நிறைய இருக்கும். ஞானஸ்நானச் சீட்டு, ரயில்வே சர்வீஸ் புத்தகம், பென்ஷன் தாள், போட்டோவின் பின்பக்கம் இருக்கும் ஸ்டுடியோ முத்திரை, பைபிளின் முதல் பக்கத்தில் எழுதிய பிறப்பு இறப்புத் தேதிகள். பைபிள் அச்சான வருஷத்தையும் பாருங்கள், 1890இல் அச்சான பைபிளில் 1850 முதல் தேதிகள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால் யாரோ பின்னால் நினைவிலிருந்து எழுதியது. ரயில்வே குடும்பம் என்றால் எந்த ஸ்டேஷனில் எப்போது வேலை என்று கேட்டுப் பட்டியல் போடுங்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைதான் ஓடியது, அதாவது நம் வட ஆற்காட்டுக்குத்தான். அப்போதிலிருந்து டிரைவர், பிட்டர், கார்டு என்று ஆள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அடுத்து கல்லறை. மத்தியானம் போகாதீர்கள், வேலூர் வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. சூரியன் தலைக்கு மேல் இருந்தால் தேய்ந்த எழுத்து தெரியாது, காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்தரைக்கோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எழுத்துக்குள் நிழல் தங்கி எழும்பி நிற்கும். சாக்பீஸ் தேய்க்க வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். கல் உடைந்தோ காணாமலோ போயிருந்தால், 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து வெளியிட்ட புத்தகத்தைப் பாருங்கள். அதில் முக்கியமான ஆட்கள் என்று அவர் கருதியவர்கள்தான் இருப்பார்கள், பிட்டர்கள் இருக்க மாட்டார்கள்.

கல்லில் பட்டாளத்தின் எண் இருந்தால் அது தங்கம். ஆனால் அதையும் அவசரமாகப் படித்துவிடக் கூடாது. வேலூரில் 1806இல் இருந்த 69ஆம் பட்டாளத்துக்கு 'தெற்கு லிங்கன்ஷயர்' என்று பெயர், அதனால் அதிலிருந்த ஆள் லிங்கன்ஷயர்க்காரர் என்று முடிவு கட்ட முடியாது. 1782இல் பட்டாளங்களுக்கு மாவட்டப் பெயர் ஒட்டினார்களே தவிர, ஆள் எங்கே கிடைத்தானோ அங்கே சேர்த்தார்கள், அதில் ஐரிஷ்காரர்கள் ஏகப்பட்ட பேர்.

இப்போது கடலைத் தாண்டும் இடம். இங்கேதான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள், நிற்கத் தேவையில்லை. கம்பெனி காலத்தில் ஒவ்வோர் ஊர்ப் பாதிரியாரும் தன் சர்ச்சில் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் நகல் எழுதிச் சென்னைக்கு அனுப்ப, அது லண்டனுக்குப் போனது. அந்த நகல்கள் பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என்' என்ற ஆங்கில எழுத்து வரிசையில் இருக்கின்றன. என் 1 வங்காளம், என் 2 சென்னை, என் 3 பம்பாய். சென்னை வரிசை 1698இல் தொடங்குகிறது. இங்கே கரையான் தின்ற ரிஜிஸ்டர் அங்கே பத்திரமாக இருக்கலாம் என்பதுதான் இதன் அழகு. ஸ்கேன் செய்த பக்கங்களை ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் காசு கட்டிப் பார்க்கலாம். அதற்கு முன் காசில்லாமல் இரண்டு இடத்தில் தேடிவிடுங்கள். ஒன்று ஃபேமிலிசர்ச், இன்னொன்று 1998இல் தொடங்கிய ஃபிபிஸ் என்ற, பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான சங்கத்தின் தளம். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் பழைய காலத்து நகல்கள் குறைவு, நேராகப் பங்குக் கோவிலுக்குப் (பங்கு என்றால் ஒரு சர்ச்சின் எல்லைக்குள் வரும் பகுதி) போய்ச் சாமியாரிடம் பக்குவமாகக் கேட்பதே வழி. டீ நேரத்தில் போகாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை போகவே போகாதீர்கள்.

கல்யாணக் குறிப்புதான் எனக்குப் பிடித்தது. அதில் பல நேரம் இருவருடைய அப்பா பெயரும் வரும், வேலையும் வரும், சாட்சி போட்டவர்கள் பெயரும் வரும். சாட்சியை விட்டுவிடாதீர்கள், பாதி நேரம் மச்சானோ மாமனாரோ அதில்தான் ஒளிந்திருப்பார்.

வந்த முதல் ஆள் சிப்பாய் என்றால், லண்டன் கியூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூ ஓ 97' என்ற வரிசை, 1760 முதல் 1913 வரை பட்டாளத்தை விட்டு விலகியவர்களின் தாள்கள். பிறந்த ஊர், வயது, சேருமுன் செய்த தொழில், உயரம், தலைமுடி நிறம் வரை இருக்கும். ஒரு சிக்கல், இதில் பெரும்பாலும் பென்ஷன் வாங்கி விலகியவர்கள்தான். இங்கேயே செத்து மண்ணானவருக்கு இருக்காது, அவருக்குப் படை வருகைப் பட்டியலையும் இறந்தோர் பட்டியலையும் பார்க்க வேண்டும். கம்பெனிப் படையில் அதிகாரியாக வந்தவர் என்றால் இன்னும் சுலபம். 1789 முதல் 1860 வரை கேடட்டாக, அதாவது அதிகாரிப் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் வயதை நிரூபிக்கத் தங்கள் ஞானஸ்நானச் சான்றையே கொடுக்க வேண்டியிருந்தது, அது இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் அப்படியே கிடக்கிறது. ஊர், பங்கு, பெற்றோர் பெயர் எல்லாம் ஒரே தாளில். அதிகாரிகளுக்கு எப்போதும் வழி சுலபம்தான்.

கொஞ்சம் சங்கடமான விஷயம் ஒன்று. இந்தியாவில் ஆங்கிலக் குடும்பப் பெயர் இருப்பதால் ரத்தமும் அங்கிருந்து வந்தது என்று நினைக்க முடியாது. மிஷன் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்குப் பாதிரியார் பெயரை வைத்திருக்கலாம், அமெரிக்காவில் பணம் அனுப்பியவர் பெயரை வைத்திருக்கலாம். சென்னையில் 1789இல் ஐரோப்பியச் சிப்பாய்களின் ஆண் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய அநாதை இல்லம் போன்ற இடங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அம்மாவின் பெயர் பல நேரம் எந்தத் தாளிலும் இல்லை. ஞானஸ்நானப் பதிவில் அப்பா பெயர் ஆங்கிலத்திலும், அம்மா இருக்க வேண்டிய இடத்தில் 'சுதேசிப் பெண்' என்று ஒரு வார்த்தையும் இருக்கும். அந்த ஒரு வார்த்தைதான் உங்கள் கொள்ளுப்பாட்டி. குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஆண்வழி ஒரு நூல்தான் கிடைக்கும், வேலூர்க்காரியான அந்தப் பாட்டி விடுபட்டுப் போவார். அரசியல் சட்டத்தின் 366ஆவது பிரிவுகூட ஆங்கிலோ இந்தியர் என்பதற்கு ஆண்வழியைத்தான் அளவாக வைத்திருக்கிறது. அதனால் நோட்டில் பாட்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள், காலியாக இருந்தாலும் பரவாயில்லை.

இங்கிலாந்துக்குள் போய்விட்டால் வேலை கொஞ்சம் ஒழுங்காக நடக்கும். 1837 ஜூலை 1 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் பிறப்பு, இறப்பு, கல்யாணம் அரசுப் பதிவு. ஸ்காட்லாந்துக்கு 1855, அயர்லாந்துக்கு 1864. ஃப்ரீபிஎம்டி தளத்தில் அட்டவணை இலவசம். அரசுப் பதிவுத் துறையின் சொந்த அட்டவணையில் 1837இலிருந்தே அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கிறது, பார்க்கர் போல ஊருக்கு ஊர் நிறைந்து கிடக்கும் பெயரைப் பிரித்தெடுக்க அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. பத்து வருஷத்துக்கு ஒரு முறை எடுத்த மக்கள் கணக்கில் 1841 முதல் ஆள் பெயர் இருக்கிறது, ஆனால் அதில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொன்னார்கள். 24 வயதுக்காரர் 20 என்று நிற்பார், நம்ப வேண்டாம். 1851இலிருந்து பிறந்த பங்கின் பெயர் வருகிறது, அதுதான் நமக்கு வேண்டியது. கடைசியாகத் திறந்தது 1921 கணக்கு, 2022இல். 1931 கணக்கு 1942இல் தீயில் போனது, 1941இல் போர் என்று எடுக்கவே இல்லை.

1837க்கு முன்னால் பங்குச் சர்ச் ரிஜிஸ்டர்கள். 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவால் தொடங்கியவை, பல ஊர்களில் முதல் சில பத்தாண்டுகள் இல்லை. இங்கே தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. 1751 வரை இங்கிலாந்தில் சட்டப்படி புது வருஷம் மார்ச் 25இல்தான் பிறந்தது, ஆகவே 1740 பிப்ரவரி என்பது 1740 டிசம்பருக்குப் பின்னால் வரும். கல்யாணம் 1740 ஜூனில், குழந்தை 1740 பிப்ரவரியில் என்று பார்த்துவிட்டு யாரையும் சந்தேகப்படாதீர்கள். தையா சித்திரையா என்று சண்டை போடும் நமக்கு இது புரியாமல் போகாது. 1858க்கு முந்தைய உயில்களில் கேண்டர்பரி பேராயரின் சபை நீதிமன்றத்தில் பதிவானவை கியூ காப்பகத்தில் இருக்கின்றன, கொஞ்சம் சொத்து இருந்த குடும்பம் என்றால் ஒரே உயிலில் மூன்று தலைமுறையே கிடைத்துவிடும். அயர்லாந்து வழி போகிறவர்களுக்கு மட்டும் என் அனுதாபம், 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தபோது நிறையப் போய்விட்டது.

இவ்வளவு தூரம் வந்து ஓர் ஊரில் போய் நின்ற பிறகு பெயரின் பொருளைப் பாருங்கள், அப்போதுதான் அதற்கு அர்த்தம் உண்டு. ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் 1066இல் நார்மன்கள் வந்த பிறகு மெல்ல ஒட்டத் தொடங்கி, 1400 வாக்கில் பெரும்பாலானவர்களுக்கு நிலைத்துவிட்டன. ஊர், தொழில், அப்பா பெயர், பட்டப்பெயர், இந்த நாலு கூடைக்குள் அனேகமாக எல்லாம் அடங்கும். 1751இல் ஆற்காட்டுக் கோட்டையில் ஐம்பது நாள் முற்றுகையில் உட்கார்ந்திருந்த கிளைவின் பெயர் ஊர்ப்பெயர், 'சரிவு, மேட்டு நிலம்' என்ற பழைய ஆங்கிலச் சொல்லில் இருந்து வந்தது. அதே ஆற்காடு இன்று அமெரிக்காவில் நம் ஆட்கள் சிலருக்குக் குடும்பப் பெயராக நிற்கிறது என்பது வேடிக்கை, இன்னும் முந்நூறு வருஷம் கழித்து யாரோ ஒருவர் அதைத் தேடி இங்கே வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவார்.

தொழில் பெயர்களில் ஊர் ஒளிந்திருக்கும். நெய்த துணியைத் தண்ணீரில் போட்டு மிதித்துக் கெட்டிப்படுத்தும் ஒரே வேலைக்குத் தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர், வடக்கிலும் மேற்கிலும் வாக்கர். வாக்கர் என்றால் நடப்பவர் இல்லை, துணி மேல் நடந்தவர். பெயர் எந்தப் பகுதியில் செறிந்திருக்கிறது என்று பார்க்க 1881 மக்கள் கணக்கு நல்ல கருவி, ஃபேமிலிசர்ச்சில் இலவசம். ஊர்ப்பெயராக இருந்து, 1881லும் இரண்டு மூன்று பங்குகளைச் சுற்றியே கிடந்தால் ஒரே குடும்பத்தில் தோன்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்மித், டெய்லர், பார்க்கர் எல்லாம் நூறு ஊரில் நூறு தனி ஆட்களிடம் தொடங்கியவை. 1979இல் தொடங்கிய கில்டு ஆஃப் ஒன்நேம் ஸ்டடீஸ் என்ற அமைப்பில் ஒரே பெயரை வாழ்நாள் முழுக்கத் துரத்துகிறவர்கள் இருக்கிறார்கள், உங்கள் பெயருக்கு யாராவது இருந்தால் எழுதிக் கேளுங்கள், ஆர்வமாகப் பதில் போடுவார்கள், சில சமயம் தேவைக்கு மேலேயே.

இடப்பெயர்ச்சியை எழுதும்போது ஊர், வருஷம், ஏன் நகர்ந்தார்கள் என்று மூன்றும் வேண்டும். நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஸ்கடர் குடும்பத்தை வைத்துப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கென்ட்டிலிருந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் சேலத்துக்கு (நம்ம சேலம் இல்லை), பிறகு லாங் ஐலண்ட், பிறகு நியூ ஜெர்சி. அங்கே 1793இல் பிறந்த ஜான் ஸ்கடர் 1819இல் கப்பல் ஏறி யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார், 1836இல் சென்னைக்கு வந்தார். மகன்கள் 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். பேத்தி ஐடா 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்து, 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது இன்றைய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. முதல் நகர்வு குடியேற்றம், கடைசி நகர்வு மிஷன் வேலை. நடுவில் நிலத்துக்காக நகர்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் தாள் பார்க்காமல் எழுத மாட்டேன். உங்கள் நோட்டிலும் தாள் இருக்கும் வரி நீல மை, ஊகம் பென்சில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். 1947க்குப் பிறகு போனவர்களுக்குக் கப்பல் பயணிகள் பட்டியல் இருக்கிறது, பிரிட்டனில் வந்து இறங்கியவர்களுடையது 1878 முதல் 1960 வரை.

ஆன்ட்டி வீட்டுப் பார்க்கரை இங்கிலாந்தில் ஒரு பங்கு வரை கொண்டுபோய்விட்டேன், நீல மையில். அதற்கு மேல் பென்சில்தான். சொல்லப் போனால் பொருளே இரட்டை. அந்தப் பெயர் பட்டை போட்டுத் தோல் பதனிட்டவரையும் குறிக்கும், நார்மன் பிரெஞ்சு வழியாக ஆட்டிடையனையும் குறிக்கும், 13ஆம் நூற்றாண்டு ஆள் ஒருவரைத் தாளோடு பிடித்தால் ஒழிய எது என்று சொல்ல முடியாது. போனில் இதை விளக்கினேன்.

"ஆடு மேய்ச்சவனா, தோல் பதனிட்டவனா, ரெண்டுல ஒண்ணு சொல்லு மேன், பேரன் வெயிட் பண்றான்" என்றார்.

ரெண்டுக்கும் ஆடு வேணுமே ஆன்ட்டி, ஆடுன்னு சொல்லிவையுங்க என்றேன்.